இரண்டாவது விசிலுக்குப் பிறகு

மேடையில் விளக்குகள் அணைந்தன. இருட்டுக்குள் எங்கிருந்தோ ஒரு குக்கர் விசில் அடித்தது.

கூட்டம் சிரித்தது. மேதாவும் சிரித்தாள். ஓர் அரிசிக் கம்பெனியின் புது ரக அறிமுக விழா அது. லோதி ரோடு பக்கத்து அரங்கம் நிறைந்திருந்தது. பாட்டுக் கச்சேரி தொடங்குமுன் ஏதாவது வேடிக்கை செய்வார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்ததுதான். விழாவை நடத்தியது அனிருத் வேலை பார்க்கும் விளம்பர ஏஜென்சி. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கும் மேதாவுக்கும் நிச்சயதார்த்தம். "வெள்ளிக்கிழமை கண்டிப்பா வரணும். உனக்குப் பிடிக்கும்னு எனக்குத் தெரியும்" என்று வாரம் முழுக்க நச்சரித்து அவளை அழைத்து வந்திருந்தான்.

இரண்டாவது விசில் மேடையின் மறுகோடியிலிருந்து, வேறு சுருதியில், சற்றுத் தடித்த குரலில் வந்தது. மேதாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

விசில் அடங்கியது. ஒரு கணம் மௌனம். பிறகு எவர்சில்வர் டம்ளரை நகத்தால் தட்டினாற்போல, 'டக், டக்.'

அதன் மேல் மூன்றாவது விசில் ஏற, மிருதங்கமும் கிடாரும் சேர்ந்துகொள்ள, விளக்குகள் பளீரென எரிந்தன. கைதட்டலில் அரங்கம் அதிர்ந்தது. மேதாவின் கைகள் மடியிலேயே கிடந்தன.

குக்கர் விசில் யாருக்கும் தோன்றலாம். இந்த ஊரில் எந்தச் சமையலறையில் அது கேட்கவில்லை? ஆனால் இரண்டாவது விசிலுக்குப் பிறகு ஒரு மௌனம், அதன் பின் டம்ளரில் இரண்டு தட்டு. அது அவளுடையது. செப்டம்பரில் ஜுரத்தோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு மத்தியானம், லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸின் சமையலறைகள் ஒவ்வொன்றாக விசிலடித்தபோது அவளுக்குத் தோன்றியது. தங்கள் வீட்டுக் குக்கர், கீழ்வீட்டு பானர்ஜி வீட்டுக் குக்கர், எதிர்வீட்டு மல்ஹோத்ரா வீட்டுக் குக்கர் என்று மூன்றையும் போனில் பதிவு செய்து கோத்தாள். என்ன செய்தும் அது வெறும் சத்தமாகவே இருந்தது. ஏதோ நினைத்து டம்ளர் தட்டலை நடுவில் வைத்தாள். உடனே அதற்கு உயிர் வந்துவிட்டது. ஏன் அங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவளுடைய ஏஜென்சி, ஒரு பாத்திரக் கம்பெனியின் விழாவுக்காகத் திங்கட்கிழமை அதைத்தான் போட்டுக் காட்டப் போகிறது.

"எப்படி?" என்றான் அனிருத். அவன் மேடையைப் பார்க்கவே இல்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணெல்லாம் சிரிப்பு.

"நன்னா இருக்கு."

"அவ்ளோதானா?"

"தலை வலிக்கறது. நான் மெட்ரோல போயிடறேன்."

"அரே, கச்சேரி இப்பதான்…"

அவள் எழுந்துவிட்டாள்.

மெட்ரோவில் நின்றபடி யோசித்தாள். யாருக்குக் காட்டினோம்? ஆபீசில் ஷ்ரேயா மேடத்துக்கு மட்டும்தான். அனிருத்திடம் மூச்சு விட்டதில்லை. இரண்டு பேருமே போட்டி ஏஜென்சிகளில் இருப்பதால் ஆபீஸ் விஷயம் பேசக் கூடாது என்று விதி போட்டவளே அவள்தான்.

அப்புறம் போன ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. சமையல்காரரிடம் மெனு பேச அனிருத் இவர்கள் வீட்டுக்கு வந்திருந்தான். கூடத்து மேஜையில் அவளுடைய லேப்டாப் இருந்தது. அவள் காபி கொண்டுவர உள்ளே போய்த் திரும்பியபோது, அணைந்திருக்க வேண்டிய திரை வெளிச்சமாக இருந்தது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பி, போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு அந்தச் சிரிப்பே வேறு மாதிரி தெரிந்தது.

'உனக்குப் பிடிக்கும்னு எனக்குத் தெரியும்.' எப்படித் தெரியும்?

திருடினவன் திருடு கொடுத்தவளைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக் காட்டுவானா? இல்லை, கண்டுபிடிக்க மாட்டாள் என்று அவ்வளவு தைரியமா? இவனோடுதான் இனிமேல் ஒரே கூரையின் கீழ் இருக்கப் போகிறோமா?

*

சனிக்கிழமை காலை வீடு நிச்சயதார்த்தக் களையில் இருந்தது. அப்பா வெங்கடேஸ்வரன், மினிஸ்ட்ரியில் செக்‌ஷன் ஆபீசர், ஆபீஸ் லீவாதலால் நாற்காலிகளை எங்கே போடுவது என்று கூடத்தை மனத்துக்குள் அளந்துகொண்டிருந்தார். அம்மா ருக்மிணி பருப்புத்தேங்காய்க் கூடுகளுக்கு ஜிகினா ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, மூஞ்சி இப்படி இருக்கு? நாளைக்கு போட்டோல விழப்போற மூஞ்சியா இது?"

"அம்மா, நான் குக்கர் சத்தம் ரெக்கார்டு பண்ணினதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"யார்கிட்ட சொன்னேன்? யார்கிட்டயும் சொல்லலை."

"யோசிச்சுச் சொல்லு."

"மாதங்கி மாமிகிட்ட சொன்னேன்." மாதங்கி மாமி என்பது அனிருத்தின் அம்மா. சம்பந்தம் பேசிய நாளிலிருந்து இரண்டு அம்மாக்களும் தினமும் காலையில் போனில் பேசாமல் காபி குடிப்பதில்லை. "பொண்ணு என்ன பண்றான்னு கேட்டா. வீடு வீடாப் போய் போனை நீட்டிண்டு குக்கர் முன்னாடி நிக்கறா, எல்லாரும் சிரிக்கறான்னு சொன்னேன். ராணுவ ரகசியமா அது?"

"இப்படித்தான் ஒவ்வொண்ணும் வெளில போறது!"

"ஏன்னா, பார்த்தேளா? உங்க பொண்ணு என்னைத் துப்பறியறா!"

அப்பா நாற்காலிக் கணக்கிலிருந்து தலை நிமிரவில்லை. "பதில் சொல்லிடு ருக்கு. ஜாமீன் கிடைக்கும்."

மேதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா சொன்னது குக்கரைத்தான். டம்ளரைச் சொல்லவில்லை. சொல்ல அம்மாவுக்குத் தெரியாது. டம்ளர் இருந்தது லேப்டாப்பில் மட்டும்.

போன் அடித்தது. ஷ்ரேயா மேடம். ஹிந்தியும் இங்கிலீஷுமாகக் கொட்டினாள்.

"மேதா, நேத்து ராத்திரி ஒரு வீடியோ வந்தது எனக்கு. நீயும் பார்த்திருப்பே, ஏன்னா அதுல மூணாவது வரிசையில நீ உட்கார்ந்திருக்கே. அது நம்ம டெமோ."

"மேடம், நானே உங்களைக் கூப்பிடணும்னு…"

"யார் கூட உட்கார்ந்திருந்தே?"

கல்யாணம் நிச்சயமாகியிருப்பது ஆபீசுக்குத் தெரியும். மாப்பிள்ளை எந்த ஆபீஸ் என்பதை மட்டும் அவள் சாமர்த்தியமாகத் தவிர்த்து வந்திருந்தாள். கேட்டவர்களிடம் 'மார்க்கெட்டிங்' என்று சொல்லியிருந்தாள்.

"நான் சந்தேகப்படலை," என்றாள் ஷ்ரேயா, நன்றாகவே சந்தேகப்படும் குரலில். "ஆனா திங்கட்கிழமை கிளையன்ட் முன்னாடி நிக்கறதுக்குள்ள இது எப்படி வெளில போச்சுன்னு நீ எனக்குச் சொல்லணும். இல்லேன்னா இந்த வேலையை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன்."

மேதா போனை வைத்துவிட்டு அனிருத்துக்குச் செய்தி அனுப்பினாள். 'உடனே வீட்டுக்கு வா. பேசணும். அம்மா அப்பாகிட்ட எதுவும் காட்டிக்காதே.'

*

கரோல் பாகிலிருந்து அவன் வந்து சேர்ந்தபோது கையில் ஒரு பை இருந்தது. "அம்மா உனக்கு வளையல் கொடுத்தனுப்பியிருக்கா. நாளைக்குப் போட்டுக்கணுமாம்" என்றான் எல்லோருக்கும் கேட்கும்படி. அம்மா 'மாப்பிள்ளை, மாப்பிள்ளை' என்று கொண்டாடிவிட்டு உள்ளே போனாள். அப்பா நாற்காலிக்காரனைப் பார்க்கக் கிளம்பினார்.

கூடத்தில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்.

"போன ஞாயிறு என் லேப்டாப்பைத் தொட்டியா?"

அனிருத்தின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "தொட்டேன்."

இல்லை என்று சொல்வான் என்று நினைத்திருந்தாள்.

"போட்டுக் கேட்டியா?"

"கேட்டேன். பக்கத்துல ஹெட்போன் இருந்தது. உங்க அம்மா ஏற்கனவே எங்க அம்மாகிட்ட சொல்லியிருந்தாங்களா, அதான்னு புரிஞ்சுது. தப்புதான், ஸாரி. ஆனா ஸர்ப்ரைஸை நான் கெடுக்கலையே? உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை."

"என்ன ஸர்ப்ரைஸ்?"

"நிச்சயதார்த்தத்துக்கு நீ எனக்குப் பண்ணின ஸர்ப்ரைஸ்."

அவள் அவனையே பார்த்தாள். பொய் சொல்கிறவனின் கண்கள் எங்கேயாவது ஓடும். இவனுடையவை ஓடவில்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"அனிருத், அது எங்க ஆபீஸ் வேலை. திங்கட்கிழமை கிளையன்ட்டுக்குக் காட்டணும். நேத்து உங்க மேடையில ஓடினது என்னோட வேலை. விசில், மௌனம், டம்ளர் உட்பட. என் வேலை போயிடும் போலிருக்கு. நீ வளையலைத் தூக்கிண்டு வந்து ஸர்ப்ரைஸ்ங்கறே."

"உன்னோடதா?" அவன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தான். "எங்க டெமோ ஆகஸ்ட்லயே ரெடி. அது என்னோடது."

"எப்படி உன்னோடதாகும்? அந்த டம்ளர் தட்டல் என் தலையில இருந்து வந்தது!"

"மேதா, அந்த டம்ளரைத் தட்டினதே நான்தானே?"

"எப்போ?"

இப்போது அவன் முகம் மாறியது. அவன் பார்த்த பார்வையில் முதல் தடவையாகச் சந்தேகம் இருந்தது. "உனக்கு ஞாபகமே இல்லையா? நாங்க உன்னைப் பார்க்க வந்த அன்னிக்கு. இதே கூடத்துல."

"அன்னிக்கு என்ன?"

"அம்மா உன்னை…"

"இரு. சொல்லாதே." அவள் கையை நீட்டித் தடுத்தாள். அவன் சொன்னால் அவன் சொன்னதாகத்தான் இருக்கும். விளம்பரத்தில் இருப்பவன், அழகாகச் சொல்லத் தெரிந்தவன். அவளும் அதே தொழில்தான், தெரியாதா? "பால்கனிக்குப் போ. கதவைச் சாத்திக்கோ. கூப்பிட்டா வா."

"என்னை என்ன, லாக்கப்ல…"

"போ, அனிருத்."

அவன் போனான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், குளிர்காலப் புகைமூட்டத்தில், அப்பாவின் துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றான்.

மேதா சமையலறைக்குப் போனாள். அம்மா குக்கரில் வெயிட் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இவா எல்லாரும் முதல்ல என்னைப் பார்க்க வந்தாளே, அன்னிக்கு என்ன நடந்தது? நீயா சொல்லு. நான் எதுவும் கேட்க மாட்டேன்."

"இன்னிக்கு என்னாச்சு உனக்கு? ரிங் ரோடுல ஜாம்னு லேட்டா வந்தா. பஜ்ஜி ஆறிப் போச்சு. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னு நான் சாதத்துக்குக் குக்கர் வெச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் மாதங்கி மாமி கேட்டா, பொண்ணு ஒரு பாட்டுப் பாடட்டுமேன்னு. நீ எனக்குப் பாட வராதுன்னு பட்டுனு சொல்லிட்டே. எட்டு வருஷம் பாட்டு கத்துண்டவ! எனக்குத் தூக்கிப் போட்டுது. ஒருத்தரும் பேசலை. அப்பா கூட விட்டத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து நம்ம குக்கர் கத்தித்து."

மேதா அடுப்பின் மேலிருந்த குக்கரைப் பார்த்தாள்.

"உடனே கீழே பானர்ஜி வீட்டுக் குக்கர். அது தடிக்குரல், தெரியுமோல்லியோ? அது அடங்கித்தோ இல்லையோ, இந்தப் பிள்ளை கையில வெச்சிண்டிருந்த காபி டம்ளரை டக் டக்னு தட்டினான் பாரு, பெரிய வித்வான் மாதிரி. அப்புறம் மல்ஹோத்ரா வீட்டுது. மாதங்கி மாமிதான் முதல்ல சிரிச்சா. அப்புறம் எல்லாரும் சிரிச்சோம். நீ மட்டும் ஜமக்காளத்தையே முறைச்சுண்டு இருந்தே. இந்தப் பிள்ளை உன்னைக் காப்பாத்தத்தான் அப்படிப் பண்ணினான்னு ராத்திரி உங்க அப்பாகிட்ட சொன்னேன். நல்ல குணம்னு அப்பவே எனக்குத் தோணிடுத்து."

ஜமக்காளம் ஞாபகம் இருந்தது. நீலமும் சிவப்புமாகப் பட்டைகள். கடைக்குப் போனால் கத்தரிக்காயை அழுத்திப் பார்ப்பது போல, பார்க்க வருகிற ஒவ்வொரு வீட்டாரும் பாடு, பாடு என்பார்கள். அன்றைக்கு அந்தக் கோபத்தில் காது அடைத்துக்கொண்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அடைக்கவில்லை. காது எல்லாவற்றையும் கேட்டு, சத்தமில்லாமல் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. ஜுரத்தில் படுத்த ஒரு மத்தியானம் அதை வெளியே எடுத்து, 'இந்தா, உனக்குத் தோன்றியது' என்று நீட்டியிருக்கிறது.

நேற்றிலிருந்து யாரைத் தேடிக்கொண்டிருந்தாளோ, அது அவள்தான்.

அடுப்பில் குக்கர் விசிலடித்தது. மேதா திடுக்கிட்டாள்.

"ஏண்டி, மாப்பிள்ளையை எங்கே காணோம்? குளிர்ல பால்கனில நிக்கறாரா? ஜல்தி உள்ளே கூப்பிடு!"

*

அவன் மூக்கு சிவந்து உள்ளே வந்தான்.

"விசாரணை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது." அவள் அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். "தட்டினது நீதான். நான் பார்க்கலை. யார் தட்டினான்னு அன்னிக்கு நான் தலைநிமிர்ந்து பார்க்கவே இல்லை."

"அப்போ என்னை ஏன் சரின்னு சொன்னே?" அவன் குரலில் விளையாட்டு இல்லை. "அந்த டம்ளருக்காகத்தான்னு நான் இத்தனை நாளா நெனச்சிண்டிருக்கேன். லேப்டாப்ல அதைக் கேட்டதும், பாரு, இவ மறக்கலைன்னு… அதான் நேத்து உன்னை இழுத்துண்டு போனேன். நம்ம கதையை ஆயிரம் பேருக்கு நடுவுல நாம ரெண்டு பேர் மட்டும் கேக்கணும்னு. நீ தலைவலின்னு எழுந்து போயிட்டே. ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் இல்லை. வேற யாராவது மனசுல இருக்கானோன்னு கூட…"

"சீ."

"சொல்லு, ஏன் சரின்னே?"

மேதா யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "கிளம்பறச்சே நீ செருப்பு மாட்டிண்டே மெதுவா, 'பாடச் சொன்னது எனக்கே ஒரு மாதிரி இருந்தது, ஸாரி'ன்னு சொன்னே. பார்க்க வந்தவா யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதுக்காகத்தான்."

"அதை நான் சொன்னேனா?" அனிருத் விழித்தான். "எனக்கு ஞாபகம் இல்லையே."

அவள் சிரித்துவிட்டாள். நேற்று மாலையிலிருந்து நெஞ்சில் இருந்த பாரம் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் இறங்கியது. முழுதாக இல்லை.

"லேப்டாப்பைத் தொட்டது தப்பு," என்றாள்.

"தப்பு."

"எதையாவது நீயா நெனச்சுக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேளு."

"நீ என்னைப் பால்கனில நிறுத்தறதுக்கு முன்னாடி கேப்பியா?"

அவள் போனை எடுத்தாள்.

"உங்க மேடத்துகிட்ட நான் பேசறேன்," என்றான் அவன். "ரெண்டும் தனித்தனியா வந்ததுன்னு சொல்றேன். நம்புவாங்க."

"தனித்தனியா வரலையே."

அவன் எதிரிலேயே ஷ்ரேயாவைக் கூப்பிட்டாள். மாப்பிள்ளை எந்த ஆபீஸ் என்பதை முதலில் சொன்னாள். பிறகு குக்கர், டம்ளர், ஜமக்காளம், எல்லாம். "தட்டல் அவனோடது மேடம். எனக்கே தெரியாம என் காதுல இருந்திருக்கு. இதை நாம போட முடியாது."

மறுமுனையில் நீண்ட மௌனம். இரண்டாவது விசிலுக்குப் பிறகு வருவதைவிட நீண்ட மௌனம்.

"இவ்வளவு மோசமான கதையை யாரும் ஜோடிச்சுச் சொல்ல மாட்டாங்க," என்றாள் ஷ்ரேயா கடைசியில். "சரி, நம்பறேன். ஆனா திங்கட்கிழமை திங்கட்கிழமைதான். குக்கர் இல்லாம வேற ஏதாவது கொண்டு வா. வெறும் கையோட வந்தா நீ இந்த வேலையில இல்லை. அப்புறம் மேதா, அடுத்த தடவை யாரைக் கட்டிக்கறேன்னு வீடியோ மூலமா எனக்குத் தெரியக் கூடாது."

"அடுத்த தடவை இல்லை மேடம்," என்றாள் மேதா. அனிருத் அதைக் கேட்டுவிட்டுக் குனிந்து வளையல் பையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான். காது நுனி சிவந்திருந்தது. இந்த முறை குளிரில் அல்ல.

*

ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் மாடி வரை குறுகலான மாடிப்படி. பிள்ளை வீட்டார் கொண்டுவந்த தட்டுகளோ ஏராளம். பழத் தட்டு, புடவைத் தட்டு, பூத் தட்டு, வெற்றிலைபாக்குத் தட்டு. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்க யாராலும் முடியவில்லை. அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். கீழ்ப்படியிலிருந்து வீட்டு வாசல் வரை பெண்களை வரிசையாக நிறுத்தினாள். மாதங்கி மாமி, கரோல் பாக் உறவுகள், பானர்ஜி மாமி, மல்ஹோத்ரா ஆன்ட்டி. தட்டுகள் கைமாறிக் கைமாறி மேலே ஏறின.

மேதா வாசலில் நின்றிருந்தாள். உள்ளே வந்ததும் மாதங்கி மாமி பாடச் சொல்லுவாளோ என்று ஒரு கவலை. திங்கட்கிழமை என்ன செய்வது என்று ஒரு கவலை.

அப்போது அது கேட்டது.

கீழேயிருந்து கண்ணாடி வளையல்கள் தட்டின் விளிம்பில் உரசும் ஒலி. ஒரு கை வாங்க, ஒரு கை கொடுக்க, ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு சுருதியில், கிலுங், கிலுங் என்று மாடிப்படியின் கூட்டுக்குள் ஏறிக்கொண்டே வந்தது. பானர்ஜி மாமியின் சங்கு வளையல் மட்டும் நடுவில் ஒரு தடித்த ஒலி எழுப்பியது. கடைசித் தட்டு அவள் கைக்கு வந்தபோது, நேற்று அனிருத் கொடுத்த வளையல்கள் அதை முடித்து வைத்தன.

பாத்திரக் கம்பெனி. தட்டுகள். கைகள். திங்கட்கிழமைக்கு இதுதான்.

சட்டென்று சந்தேகம் வந்து கூடத்துப் பக்கம் திரும்பினாள். மணையில் உட்கார்ந்திருந்த அனிருத்தின் தலை மாடிப்படி பக்கம் சாய்ந்திருந்தது. சாஸ்திரிகள் ஏதோ சொல்ல, அவன் காதில் வாங்கவில்லை. அவன் விரல்கள் முழங்காலில் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

மேதா தட்டோடு உள்ளே வந்தாள். அவன் எதிரே குனிந்து வைக்கும்போது, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

"இது எனக்கு."

அவன் விரல்கள் நின்றன. "கேட்டது நான்தான் முதல்ல."

"உன் போன் எங்கே?"

அவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். வெறும் கை. அவள் நம்பாமல் அவன் அங்கவஸ்திரத்தின் மடிப்பைப் பார்த்தாள்.

"அட, பொண்ணு இப்பவே மாப்பிள்ளையைச் சோதனை போடறாளே!" என்றாள் மாதங்கி மாமி. கூடம் முழுக்கச் சிரித்தது. இந்தத் தடவை மேதாவும் சிரித்தாள், அவன் விரல்களின் மேல் ஒரு கண் வைத்தபடியே.